குளத்தில் நான் கண்டுபிடித்த குற்றவாளி

ஓசியில் கிடைக்கிற பனியனை வேண்டாம் என்று சொல்லும் மனவுறுதி எனக்குக் கிடையாது. திருப்பூர் பக்கம் பிறந்த யாருக்குமே கிடையாது என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்கிய அறிவியல் வாத்தியார் நான் ஒருவன்தான்.

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பள்ளி. எட்டாம் வகுப்புக்கு நீர்நிலைகள் பாடத்தைக் குளத்திலேயே நடத்துவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். எச்.எம். மேடம் ஒரே ஒரு சனிக்கிழமை கொடுத்தார். ஏதாவது கோளாறு என்றால் அதோடு சரி, பிறகு புத்தகத்துப் படம்தான் என்றார்.

அந்த நாளுக்கென்று மச்சான் கம்பெனியில், 'குளம் காப்போம்' என்று அச்சடித்த சிவப்பு பனியன் ஒன்றை ஓசியில் வாங்கினேன். சாம்பிள் பீஸ், சாயம் நிக்காது, தண்ணி படாமப் பார்த்துக்கோங்க என்று மச்சான் சொன்னான். (நான் தலையை வேறு ஆட்டினேன்.)

பிள்ளைகள் கரையோரம் நத்தை எண்ணினார்கள், தட்டான் வரைந்தார்கள். வந்ததும் கொக்கை அடிக்கக் கல்லெடுத்த பயல்களே, அரைமணி நேரத்தில், 'அது மீன் பிடிக்கிறது, சத்தம் போடாதே' என்று ஒருவனையொருவன் அதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி ஒரு பாட்டில் மொண்டு தூக்கினேன். இளஞ்சிவப்பு.

மேட்டிலிருந்த சாயப்பட்டறையை நோக்கிக் கை நீட்டிப் பத்து நிமிடம் முழங்கினேன். அடுத்த பாட்டில் இன்னும் சிவப்பு. கரையேறி எச்.எம்.முக்குப் போன் போட்டு வரவழைத்து, அவர் கண்ணெதிரே மறுபடி இறங்கினேன்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளில் யாழினி மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவள் அப்பாவுக்கு அந்தப் பட்டறையில்தான் வேலை. விறுவிறுவென்று தள்ளிப்போய் வேறோர் இடத்தில் மொண்டாள். தெளிந்த தண்ணீர். வெள்ளைக் கைக்குட்டையை அதில் நனைத்து, கரையேறிய என் தோளில் அழுத்தித் தேய்த்தாள். பட்டறையில் துணியை அவள் அப்பா அப்படித்தான் சோதிப்பாராம். கைக்குட்டை ரத்தச் சிவப்பு.

"பட்டறை இல்லீங்க சார். நீங்கதானுங்க."

எச்.எம். என்னையும் என் நெஞ்சிலிருந்த வாசகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். என் காலடியில் மண் சிவந்துகொண்டிருந்தது. குளத்துப் பாடம் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் யாழினி நகரவில்லை.

"வாராவாரம் பாக்கோணுங்க மேடம். நாளைக்கு நெசமாவே சாயம் வந்தாலும் வரும். எங்கப்பா பட்டறையா இருந்தாலும் பாத்துட்டுத்தானுங்க சொல்லோணும்."

எல்லாச் சனிக்கிழமையும் கிடைத்தது. எனக்காக இல்லை, அவளுக்காக.

அன்றிலிருந்து ஒரு வாரம்கூட விட்டதில்லை. எட்டாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் நத்தை எண்ணக் கற்பதற்கு முன்பே, ஈரக் கைக்குட்டையோடு என் சட்டையைத் தேய்த்துப் பார்க்கக் கற்றுவிடுகிறார்கள். வீட்டில் என் துணிக்குத் தனி பக்கெட்.

யாழினி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சனிக்கிழமையானால் பிள்ளைகளுக்கு உதவ வந்துவிடுவாள். போன வாரம் சலவை வெள்ளைச் சட்டையில் போய் நின்று, இன்றைக்காவது நான் இறங்கலாமா என்று கேட்டேன். அவள் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கரையிலயே நில்லுங்க சார்."