மூன்றாவது வளைவில் நின்ற வண்டி

தாரணி, பிரவீன், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் கட்டுரை எழுதி மார்க் வாங்குகிறவர்கள். நான் பத்தாம் வகுப்போடு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். அதனால் எங்கேயாவது ஒற்று விட்டுப்போயிருந்தால் சிவப்பு மையைத் தேடாதீர்கள் (தாரணி, உன்னைத்தான் சொல்கிறேன்).

முதலில் ஒரு பொது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மலையில் வண்டி ஓட்டுகிறவனைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப் போகக் கூடாது. அவனுடைய உடம்பு வரும். வலது கால் மட்டும் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கும்.

நாம் அந்த ரிசார்ட்டுக்குப் போனது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். எஸ்டேட் மேனேஜரின் சொந்தக்காரர்களுக்காக அறை பிடித்து வைத்திருந்தது. கடைசி நேரத்தில் அவர்களால் வர முடியவில்லை. "வீணாப் போறதுக்கு நீ உன் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வா" என்று சாவிக்கான சீட்டை என் கையில் கொடுத்துவிட்டார். தினமும் நான் ஜீப்பில் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறேன். உள்ளே போனதில்லை. மூடிய கூரைக்குள் வெந்நீரில் விளையாடுகிற இடம் ஒன்று உள்ளே இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மழையிலும் மூடுபனியிலும் நனையாமல் வீடு வந்து சேருவதே பாடாக இருக்கிற ஊரில், நனைவதற்கென்று ஒரு கட்டடமா!

நம் ஊர் நாகலூரிலிருந்து அந்த இடத்துக்குப் பஸ்ஸில் ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகாது. உங்கள் அம்மாவோ டெல்லிக்குப் போகிற மாதிரி கட்டினாள். கம்பளி, தைலம், தூக்குப்போசி நிறையப் புளிசாதம், எல்லோருக்கும் ஸ்வெட்டர். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதல் திருப்பத்திலேயே என் கால் தானாகத் தரையை மிதித்தது.

"ஏனுங்க, ஓட்டறது அவருங்க. நீங்க காலைச் சும்மா வையுங்க" என்றாள் அம்மா.

"சும்மாத்தான் வெச்சிருக்கேன்."

"முன் சீட்டுக்காரரோட செருப்பு மேலயா?"

வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு கேட்டாள், "வாங்க சார், பயணமெல்லாம் நல்லா இருந்துச்சுங்களா? எங்கிருந்து வர்றீங்க?"

"நாகலூருங்க."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "நாகலூருன்னா... இந்த முக்குத் திரும்புனா வருமே, அந்த நாகலூருங்களா?"

"அதேதானுங்க. வழியில ஒரு மாடு குறுக்க வந்துருச்சு, அதான் லேட்டு" என்றேன். வேறென்ன சொல்வது?

அன்று சாயங்காலம் பனி இறங்கிவிட்டதால் எல்லோரும் விளையாட்டு அறையில் அடைந்துகொண்டோம். சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். நான் அறிந்த மேஜை விளையாட்டு கேரம் மட்டும்தான். தாரணி ஒரு பெட்டியைத் தேடி எடுத்தாள். மடித்த அட்டையை விரித்தால் மலைப்பாதை. வளைந்து வளைந்து உச்சிக்குப் போகிறது. ஆளுக்கு ஒரு குட்டிக் கார். பகடை உருட்டி மேலே ஏறி, திரும்பிக் கீழே இறங்கி வர வேண்டும். ஆங்கிலத்தில் இருந்த விதிகளைத் தாரணி படபடவென்று படித்துச் சொன்னாள். ஒரே கட்டத்தில் இரண்டு கார் சந்தித்தால், கடைசியாக வந்தவர் ஏற்கெனவே நின்றவரைத் தள்ளிவிடலாம்.

"தள்ளறதா? எங்க தள்ளறது? பள்ளத்துலயா?" என்றேன்.

"ஆமாங்கப்பா. அதான் ஆட்டமே."

என்னால் முடியவில்லை. நான் உச்சியைத் தொட்டு இறங்கும்போது அம்மாவின் பச்சைக் கார் எதிரே ஏறி வந்தது. என் பகடை சரியாக அவள் கட்டத்தில் கொண்டுபோய் விட்டது. நான் என் மஞ்சள் காரை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அப்பா, தள்ளுங்க!"

"ஏறி வர்ற வண்டிக்கு எறங்கற வண்டிதான் ஒதுங்கி வழி விடணும் கண்ணு."

"இது அட்டைங்கப்பா! இதுல யாரும் உருண்டு போக மாட்டாங்க!"

பக்கத்து மேஜையில் விளையாடிக்கொண்டிருந்த குடும்பம் நம்மைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு எல்லா ஆட்டத்திலும் நான்தான் கடைசி. எல்லோருக்கும் வழி விட்டு, எல்லா வளைவிலும் ஒதுங்கி, ஒரு தடவைகூட நான் வீடு வந்து சேரவில்லை.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பிரவீன், இனிமேல் வருவது உன்னுடையது.

அந்த வெந்நீர்க் கொட்டகையைப் பார்த்ததிலிருந்தே உன் வாய் மூடிவிட்டது. கூரையைத் தொடுகிற உயரத்திலிருந்து மஞ்சள் நிறக் குழாய் ஒன்று சுற்றிச் சுற்றிக் கீழே வந்தது. உள்ளே ஒரே இருட்டு. வருவதற்கு முன்னால் நீ வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாய், அந்தக் குழாயில் சறுக்கிவிட்டு வருவேன் என்று. திங்கட்கிழமை எல்லோரும் கேட்பார்கள். ஏற்கெனவே அவர்கள் உனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் என்னவென்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

மறுநாள் காலையில் தாரணி நாலைந்து தடவை சறுக்கிவிட்டாள். நீ முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "எனக்குச் சளி புடிச்சிருக்குதுங்க" என்றாய். மூக்கை ஒரு தடவை உறிஞ்சியும் காட்டினாய்.

"சளியாம் சளி. பயந்தாங்கொள்ளி!" என்றாள் அக்கா.

உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் வாயை விட்டேன். "நான் முன்னால போறேன் சாமி. கீழ போய் நின்னுக்கிட்டு உன்னைப் புடிச்சுக்கறேன். அப்பா போன ரோட்டுல நீ வர மாட்டியா?"

நீ தலையாட்டினாய். நம்பித்தான் ஆட்டினாய்.

இரவல் வாங்கிய நைலான் அரைக்கால் சட்டையோடு நான் படி ஏறினேன் (அது எனக்கு முன் யாருக்குத் தைத்ததோ, மூச்சை உள்ளே இழுத்தால்தான் பொத்தான் நின்றது). மேலே ஒவ்வொருவராக அனுப்ப விசிலோடு நின்றிருந்த அம்மாளுக்குச் சொந்த ஊர் குப்பனூர். என் ஜீப்பில் பல தடவை வந்தவர்.

"ஏனுங்க டிரைவரண்ணா, நீங்களுங்களா! நீங்க இருபது கொண்டை ஊசி வளைவை ஒத்தைக் கையில திருப்பறவரு. இது உங்களுக்கு எம்மாத்திரமுங்க?"

"அதானே!" என்றேன். உட்கார்ந்து கீழே பார்த்தேன். ஸ்டியரிங் இல்லை, பிரேக் இல்லை, கண்ணாடி இல்லை, எதிரே வருவது தெரியவில்லை. இப்படி ஒரு வண்டியை எனக்குக் கொடுத்திருந்தால் ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பேன்.

பின்னாலேயே படி ஏறி வந்திருந்த நீ நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். கையை ஊன்றி என்னை நானே தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

முதல் வளைவு வந்ததும் கால் இரண்டும் தானாகச் சுவரை உதைத்தன. வேகம் குறைந்தது. இரண்டாவது வளைவில், எதிரே ஒன்றும் தெரியாத திருப்பத்தில் ஒரு டிரைவர் என்ன செய்வானோ அதைச் செய்தேன். ஆரன் அடித்தேன். வாயால்தான். "பாம்... பாம்!" அந்தக் குழாய்க்குள் அது லாரி ஆரன் மாதிரி எதிரொலித்தது. மூன்றாவது வளைவில் காலையும் அகட்டி, கை இரண்டையும் ஊன்றி, கெட்டியாக நின்றுவிட்டேன்.

நின்ற பிறகுதான் யோசித்தேன், எதற்கு நின்றோம் என்று. விட்டால் போய்விடலாம். ஆனால் கை விட மறுத்தது. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சேர்ந்து கழுத்து வரைக்கும் ஏறியது. கீழே, குழாயின் வாயில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நூலாக இளைத்துப்போனதாம். உங்கள் அம்மா குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க! ஆராச்சும் வாங்க! எங்கூட்டுக்காரர் போனாருங்க, தண்ணி நின்னு போச்சுங்க!"

மேலேயிருந்து உன் குரல் வந்தது. "அப்பா!"

நான் கையை இன்னும் இறுக்கி ஊன்றிக்கொண்டேன். மறுபடி, "அப்பா!" அப்புறம் விசில் சத்தம். அந்தக் குப்பனூர் அம்மாள் அலறினார், "கண்ணு, நில்லு! போகாத சாமி! கீழிருந்து இன்னும் கை காட்டலை!"

சத்தம் நின்றது. ஒரு சர்ரென்ற ஓசை மட்டும் நெருங்கி வந்தது. உன் இரண்டு காலும் என் முதுகில் வந்து மோதின.

நீ காலை இரண்டு பக்கமும் விட்டு, என் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தாய். உன் நெஞ்சு என் முதுகில் படபடவென்று அடித்ததை நான் உணர்ந்தேன்.

"அப்பா, பிரேக் டவுனுங்களா?"

"ஆமா கண்ணு."

"பயமா இருக்குதுங்களா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த இருட்டில் எனக்கு வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. "நொம்ப, சாமி."

"எனக்கும்தானுங்க" என்றாய். உன் கை என் கழுத்தைச் சுற்றி வந்தது. "காலை எடுங்கப்பா. பின்னாடி நான் இருக்கேன்."

என் பிழைப்பு முழுக்க ஜீப்பில் எனக்குப் பின்னால் ஆட்கள் இருப்பார்கள். காப்பிப் பழம் பறித்துவிட்டுக் களைத்துத் தூங்கிக்கொண்டே வருகிற பெண்கள், மடியில் பிள்ளைகள். அவர்கள் பின்னால் இருக்கிறார்கள் என்பதால்தான் ஒவ்வொரு வளைவிலும் என் கால் பிரேக்குக்குப் போகும். பின்னால் ஆள் இருப்பதால் காலை எடுக்கலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

காலை எடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள். முதுகுக்குப் பின்னால் தேங்கியிருந்த அத்தனை தண்ணீரும் நம்மை ஒரே தள்ளாகத் தள்ளியது. லாரியிலிருந்து காப்பி மூட்டையை இறக்குகிற மாதிரி அப்பனும் மகனும் ஒன்றாகக் குளத்தில் விழுந்தோம். விழுந்த அதிர்ச்சியில் நான் மூச்சை விட்டுவிட்டேன். பொத்தானும் போய்விட்டது. ஒரு கையால் அரைக்கால் சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது சுற்றிலும் ஒரே கைதட்டல். முந்தின நாள் பக்கத்து மேஜையில் இருந்த குடும்பம்தான் பலமாகத் தட்டியது.

அம்மா ஓடி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். உயிரோடு இருப்பது உறுதியானதும் கோபம் வந்துவிட்டது. "உள்ள என்னதானுங்க பண்ணீங்க இந்நேரம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "வழி விட்டாருங்கம்மா. ஏறி வர்ற வண்டிக்கு."

தாரணி தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். மேலேயிருந்து எட்டிப் பார்த்த குப்பனூர் அம்மாளும் சிரித்தார். அவர் சிரித்ததோடு விட்டாரா? வாரம் முடிவதற்குள் மலை முழுக்கச் செய்தி போய்விட்டது. இன்றைக்கும் அடிவாரத்திலிருந்து ஏறும்போது மூன்றாவது வளைவு வந்தால் போதும், பின்னாலிருந்து குரல் வரும். "டிரைவரண்ணா, காலை அகட்டிக்குங்க!" வீட்டில் யாராவது குளியலறையில் அதிக நேரம் இருந்தால் கதவுக்கு வெளியே "பாம் பாம்" என்று சத்தம் வரும். உங்கள் அம்மாகூட ஆரன் அடிக்கிறாள்.

நீங்கள் இருவரும் அந்த ரிசார்ட் விளையாட்டைப் பார்த்து வீட்டிலேயே ஒன்று செய்துகொண்டீர்கள். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் நம்முடைய மலைப்பாதை. கீழே அடிவாரம், மேலே நாகலூர். கார்களுக்குப் பதில் வறுக்காத காப்பிக் கொட்டைகள். என்னுடைய வண்டியை மட்டும் மூன்றாவது வளைவில் பசை போட்டு ஒட்டிவிட்டீர்கள். "அப்பா வண்டி நகராதுங்க. அவரைச் சுத்திக்கிட்டுத்தான் போகணும்" என்று வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் விதி சொல்கிறாள் தாரணி.

இந்தக் கதையை நம் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டோம். ஆனால் சிரிப்பு எப்போதும் ஆரனில் ஆரம்பித்து, வழி விட்டதில் முடிந்துவிடும். தாரணி, நடுவில் குழாய்க்குள் நாங்கள் இருவரும் பேசியதைப் பிரவீன் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட, "எங்கப்பா ஆரன் அடிச்சாரு" என்றுதான் சொன்னானாம். விசிலையும் மீறி, இருட்டுக்குள் தனியாக இறங்கி வந்ததைச் சொல்லியிருந்தால் அந்தப் பட்டப்பெயர் அன்றைக்கே ஒழிந்திருக்கும். அதைச் சொன்னால், எதற்கு இறங்கினாய் என்று கேட்பார்கள். அப்பா பயந்து நின்றதையும் சொல்ல வேண்டி வரும். அதனால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டான்.

போன வாரம் ஒரு நாள் நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தீர்கள், அம்மா எஸ்டேட்டுக்குப் போயிருந்தாள். எனக்கு வண்டி சர்வீஸில் இருந்தது. அலமாரிக்கு மேலிருந்து அந்த அட்டையை இறக்கி மேஜையில் விரித்தேன். என் காப்பிக் கொட்டை அங்கேயே இருந்தது, மூன்றாவது வளைவில், தனியாக.

காப்பிக் கொட்டை டப்பாவைத் திறந்து சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்தேன். அடியில் ஒரு சொட்டுப் பசை வைத்தேன். என்னுடைய வண்டிக்குப் பின்னால், அதன் முதுகில் முட்டுகிற மாதிரி, அதை ஒட்டினேன். பசை காயும்வரை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.