செங்கம் வண்டியில் ஒரு சீட்

நாலு பேர் சிரிப்பார்கள் என்றால் பெற்ற தகப்பனையும் விற்றுவிடக்கூடியவன் நான். சும்மா பேச்சுக்குச் சொல்வதாக நினைத்தால், அன்று வேங்கிக்கால் மண்டபத்தில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருவண்ணாமலை - செங்கம் தடம். மறதி நோய் வந்து எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்ட பிறகும் அந்த வண்டி மட்டும் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் அக்கா வீட்டு வாசலுக்கு வந்து, "செங்கம் வண்டி வந்துடுச்சா?" என்பார். கோமதி அக்கா, "இன்னும் வரலப்பா, அதுக்குள்ள டீ குடி" என்பாள். நான் போயிருந்தால், "நீங்க ரிட்டயர் ஆகி எவ்ளோ வருஷமாச்சு, அந்தக் கம்பெனியே இப்ப இல்லப்பா" என்று வரலாற்று உண்மையை எடுத்துரைப்பேன். (படித்தவன் அல்லவா.) அவர் கோபித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். பின்னால் ஓடுவது அக்கா.

அக்கா வீடு அடி அண்ணாமலையில். மகள் பிரசவத்துக்கு அவள் ஓசூர் போக வேண்டியிருந்தது. அவள் திரும்பி வரும்வரை அப்பாவை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேங்கிக்கால்ல இந்த மாதிரி ஆளுங்கள எப்படிப் பாத்துக்கறதுன்னு கிளாஸ் எடுக்கறாங்க சேகரு. ஒழுங்கா கத்துக்கினு வா. அப்பதான் அப்பாவ உங்கிட்ட உடுவேன்."

"பெத்த அப்பனப் பாத்துக்க சர்டிபிகேட்டா?"

"மத்தவனுக்கு வேணாம்டா. உனக்கு வேணும்."

அப்பாவைத் தனியே விட முடியாததால் அவரையும் கூட்டிக்கொண்டு அவளும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பயிற்சி கொடுத்தவர் மும்தாஜ் சிஸ்டர். வருடக்கணக்காக இப்படிப்பட்டவர்களோடு இருந்து பழகிய நர்ஸ். "அவங்க சொல்றது தப்புன்னு அடிச்சுப் பேசாதீங்க. ஏற்கெனவே பயந்து போயிருக்கறவங்க. வாதாடி ஜெயிச்சீங்கன்னே வைங்க, அந்தக் கப்ப எந்த அலமாரில வெப்பீங்க?" என்றார். இதை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். கடைப்பிடிக்க அல்ல, பத்திரிகைக்கு நான் எழுதும் அடுத்த கட்டுரையில் திருட.

பிறகு நடித்துக் காட்டச் சொன்னார். ஒருவர் நோயாளி, ஒருவர் பார்த்துக்கொள்பவர். நோயாளியாக நடிக்க ஒருவரும் எழவில்லை. நான் எழுந்தேன். எழுந்தேன் என்ன, பாய்ந்தேன். முதுகை வளைத்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு, உதட்டைத் தொங்கவிட்டு, நடுங்கும் குரலில் "செங்கம் வண்டி வந்துடுச்சா?" என்றேன். சிரிப்பு. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். "ஏய், எங்கடா என் வண்டி?" கைதட்டல். பார்த்துக்கொள்பவராக எதிரே நின்றவருக்கு வாய் திறக்கவே இடம் கொடுக்கவில்லை. அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை என்று நீண்ட நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். நிறுத்தவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "யாரு செங்கம்?"

அப்பா வந்துகொண்டிருந்தார். ஓடும் பஸ்ஸில் நடப்பவரைப் போலக் காலை அகட்டி, இரு பக்கமும் நாற்காலி முதுகுகளைப் பிடித்தபடி. நேரே வந்து என் கையைப் பற்றினார்.

"வண்டி வந்துடுச்சு பெரியவரே. ஏன் பதர்றீங்க? படியில நிக்காதீங்க, உள்ள வாங்க." முன்வரிசை அம்மாளிடம், "கொஞ்சம் நவுந்துக்கோம்மா, பெரியவரால நிக்க முடில" என்று என்னை உட்கார வைத்தார். "பயப்படாதீங்க. உங்க எடம் வந்தா நானே எறக்கி உடறேன்."

அப்படியே இருங்கள் என்று மும்தாஜ் சிஸ்டர் எனக்குக் கையைக் காட்டினார். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு செங்கம் வரை போவதுதான். ஆனால் எண்பதைத் தாண்டிய மனிதர் என்னைப் பெரியவரே என்கிறார், ஊரே பார்க்கிறது, மானம் போகிறது.

"அப்பா, நான் சேகர். உங்க பையன். இது பஸ் இல்லப்பா, மண்டபம்."

காலையிலிருந்து எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்களோ, அதை ஒரே மூச்சில் செய்து முடித்தேன்.

அவர் கை நழுவியது. சுற்றிலும் பார்த்தார். தோளில் இல்லாத பையைத் தடவித் தேடினார். "பை... என் பையக் காணோம்." குரல் நடுங்கியது. சற்று முன் நான் நடித்துக் காட்டியது இதைப் போலவே இல்லை.

அக்கா ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "கண்டக்டர், ஆசிரமத்தாண்ட ஒண்ணு குடுங்க."

அவளையே பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது. "ஆசிரமம் எறங்கறவங்க முன்னாலயே வந்துடணும்" என்றார்.

அப்பாவை அக்கா ஓசூருக்கே அழைத்துப் போனாள். பிரசவம் பார்த்த வீட்டில் அவரையும் பார்த்துக்கொண்டாள். நான் போனில் வருத்தம் தெரிவித்தேன். (அது எனக்கு நன்றாக வரும்.) இப்போது குடும்பத்தில் எனக்குப் பெயரே பெரியவர்தான். விசேஷ வீட்டில் நான் நுழைந்தால், "நவுந்துக்கோங்க, பெரியவரால நிக்க முடில" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

அன்று ஆட்டோவில் திரும்பும்போது நடந்ததை மட்டும் அக்கா சபையில் சொல்வதில்லை. என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். அப்பா, "அந்தப் பெரியவரு பாவம்மா. கூட வர ஆள் இல்ல போலிருக்குது" என்றாராம்.

"ஏன் இல்ல? அவங்கப்பா அங்கதான இருந்தாரு" என்றாளாம் இவள்.

"அவரு என்னா மனுசன்?" என்றாராம் அப்பா. "இந்த நெலமையில புள்ளைய உட்டுட்டு எங்க போயிட்டாரு?"