மாப்பிள்ளைக்கு, கீபோர்டு கழுவிய விவரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு என் உடம்பு சௌக்கியம், மனசு மட்டும் மூன்று நாளாக லீவில் இருக்கிறது. தங்கச்சியும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கூட்டம் அலைமோத வேண்டும், ஆனால் இதைப் படித்து முடிக்கிறவரை ஒருத்தரும் வரக்கூடாது. போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது என் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

எங்கள் பார்சல் ஆபீசில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதன் கீபோர்டில் எஸ் என்கிற எழுத்தை ஒரு தடவை அமுக்கினால் நாலு தடவை விழும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ரெக்கார்டு ரூம்ல சும்மாத்தானே இருக்கீங்க, இதைச் சுத்தம் பண்ணுங்க" என்றார். உடனே உங்களுக்குப் போன் போட்டேன். நீங்களும், "கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு ஒயரைக் கழட்டுங்க மச்சான், கவுத்துப் போட்டு மெதுவா தட்டுங்க, போர்டு மேல தண்ணி ஊத்திடாதீங்க, பட்டனைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்குங்க" என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் கிளம்பினதும் ஒவ்வொன்றாகச் செய்தேன். கவிழ்த்துத் தட்டினதில் பிஸ்கட் தூள், ஸ்டேப்ளர் பின் ஏழு, யாருடையதோ நகம், அப்புறம் குடும்பத்தோடு குடியிருந்த எறும்புகள் என்று ஒரு சின்ன ஊரே வந்து விழுந்தது. போட்டோ எடுத்தேன். பட்டன்களை மெல்ல நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, துண்டில் பரப்பி, ஃபேனைப் போட்டு நன்றாகக் காயவைத்தேன். போர்டை பிரஷ்ஷால் மட்டும் துடைத்தேன், ஒரு சொட்டு ஈரம் படவில்லை. திரும்ப மாட்டலாம் என்று போட்டோவைத் திறந்தால், அதில் கீபோர்டு இல்லை, வாயைப் பிளந்துகொண்டு நான் இருக்கிறேன். கேமரா என் பக்கம் திரும்பியிருந்திருக்கிறது, மாப்பிள்ளை.

ஆனாலும் நான் பதறவில்லை. பெரிய பட்டன்கள் அதனதன் குழியைத் தேடி உட்கார்ந்துவிட்டன. எழுத்துகள் இருபத்தாறும்தான் பாக்கி. கீபோர்டைச் செய்தவன் புத்தியுள்ளவனாக இருந்தால் ஏ, பி, சி என்று வரிசையாகத்தானே வைத்திருப்பான் என்று யோசித்து, அப்படியே மாட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலையில் டைப்பிஸ்ட் அம்மா வந்து உட்கார்ந்தார். அவர் இருபது வருஷமாகக் கீபோர்டைக் குனிந்து பார்த்ததே கிடையாது, கண் பேப்பரில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். "அண்ணே, வெண்ணெய் மாதிரி போகுதுண்ணே" என்று என்னைப் பாராட்டினார். நானும் கூச்சப்பட்டு ஏற்றுக்கொண்டேன். பதினோரு மணிக்கு மேனேஜர் வந்தார். அவர் தன் பாஸ்வேர்டைப் போட்டு அனுமதி கொடுத்தால்தான் வாசலில் நிற்கிற மூன்று லாரியும் நகரும். அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்துகிற ரகம். குத்தினார், தப்பு என்றது. மறுபடியும் குத்தினார், தப்பு. பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தானே தெரியும், பட்டனில் இருப்பது ஒரு எழுத்து, விழுவது வேறு எழுத்து என்று அவருக்கு எப்படித் தெரியும்? வெளியே டிரைவர்கள் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. நாலாவது தடவையும் தப்பு என்றதும் மனிதர் முகம் வெளுத்துவிட்டது. "ஹெட் ஆபீஸ்ல என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க போல" என்று சொல்லி, டிராயரிலிருந்து சீப்பையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தார். நான் கையில் கிடைத்த ஃபைலைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

டைப்பிஸ்ட் அம்மாதான், "இன்னும் ஒரு சான்ஸ் இருக்கு, நான் அடிக்கிறேன், சொல்லுங்க சார்" என்றார். மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே ஏதோ முனகினார்.

"சரியா கேக்கலை சார். என்னது, பூனைக்குட்டியா?"

ஹாரன் சத்தம் அந்த நேரம் பார்த்தா நிற்க வேண்டும்! ஆபீஸ் முழுக்கக் கேட்டது, வாசலில் நின்ற மூன்று டிரைவருக்கும் கேட்டது. "வீட்ல என்னை அப்படிக் கூப்பிடுவாங்க" என்றார் மேனேஜர், தரையைப் பார்த்தபடி. அந்த அம்மா சடசடவென்று அடித்தார், அனுமதி கிடைத்தது, லாரிகள் போயின.

அதோடு முடிந்திருக்கலாம். சந்தோஷத்தில் மேனேஜர், "கீபோர்டும் பளபளன்னு இருக்கே" என்று சொல்லிவிட்டு ஒரு போன் பேச வெளியே போனார். அந்த அம்மா குனிந்து பார்த்தார். பார்த்தவர் கத்தின கத்தலில் என் கையிலிருந்த ஃபைல் விழுந்தது. அதைவிட மோசம், பார்த்த பிறகு அவருக்கு டைப் அடிக்கவே வரவில்லை! விரல் ஒரு பக்கம் போகிறது, கண் ஒரு பக்கம் இழுக்கிறது. "என் பொழப்பே போச்சேண்ணே" என்று அழுதுவிட்டார். மேனேஜர் திரும்பி வருவதற்குள் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டினார், நியாயமான திட்டு. பிறகு கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் கழட்டுங்க" என்றார். கழற்றினேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெறும் போர்டில் விரலை வைத்து, "இது க்யூ, இது டபிள்யூ, இது ஈ" என்று சொல்லச் சொல்ல, விரல் தொட்ட இடத்தில் நான் அந்தந்தப் பட்டனை மாட்டினேன். இருபத்தாறும் முடிந்ததும், கண்ணைத் திறக்காமலே ஒரு வரி அடித்துப் பார்த்தார். சரியாக வந்தது. அதற்கப்புறம்தான் சிரித்தார், எனக்கு உயிர் வந்தது.

இனி என் ஆயுசுக்கும் எந்தக் கீபோர்டிலும் கை வைப்பதில்லை என்று அந்த அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். தங்கச்சியிடம் இதில் ஒரு வார்த்தை மூச்சு விட வேண்டாம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உங்கள் கைக்கு என்றும் வேலை குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் மேனேஜர் என் வேலைத் திறமையைப் பற்றி ஹெட் ஆபீசுக்குச் சொல்லி, அங்கிருந்து முப்பது கீபோர்டுகள் வந்து இறங்கிவிட்டன. பெரிய மனிதர்கள் கேட்கும்போது எப்படி மறுப்பது? எல்லாப் பட்டன்களையும் கழற்றி ஒரே வாளியில் ஊறப்போட்டிருக்கிறேன். இந்தத் தடவை மறக்காமல் போட்டோ எடுத்தேன், வாளியை. உடனே கிளம்பி வரவும்.