வேலை பார்க்காதவளின் தொழில்நோய்

தொழிலாளிக்கு வர வேண்டிய நோய் தொழிலாளிக்குத்தான் வர வேண்டும் என்பது செம்பூரிலுள்ள தொழில்நோய் நல வாரியத்தின் அசைக்க முடியாத கொள்கை. இதைக் கேள்விப்படாத மாட்டுங்கா லேபர் கேம்ப் பார்வதியம்மாள், தன் பாட்டுக்கு நோயை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

நோயின் பெயர் மீசோதெலியோமா. அவள் 'நீளப் பேர்' என்பாள். டாக்டர் ஸ்ரீலேகா பொறுமையாகச் சொல்லியிருந்தார். நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. மூச்சோடு போன கல்நார்த் தூசி, அதாவது ஆஸ்பெஸ்டாஸ் தூசி, அதில் தைத்துக்கொண்டு முப்பது நாற்பது வருஷம் சத்தமில்லாமல் கிடக்கும். பிறகு புற்றாகத் தடித்து, நீர் கோத்து, நுரையீரலை விரியவிடாமல் நெருக்கும். குணமாவது கஷ்டம். ஆனால் குழாய் வைத்து நீரை வடித்துவிட்டால் படுத்துத் தூங்கலாம். தொழில்நோய் என்று வாரியம் ஒப்புக்கொண்டால் அதன் ஆஸ்பத்திரியில் அது இலவசமாக நடக்கும். தீபாவளியிலிருந்து சுவரில் சாய்ந்தே விடியவைக்கிற பார்வதியம்மாளுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

தூசி எங்கிருந்து வந்தது என்பதில் மர்மமில்லை. கணவர் கணேசபாண்டியன் பாய்லருக்குக் கல்நார்க் கயிறு திரிக்கும் பட்டறையில் இருந்தவர். சாயங்காலம் மாவு மில்லிலிருந்து வருகிறவர் மாதிரி வெள்ளையாக வருவார். அந்தச் சட்டையை வாசலில் உதறி, ஊறவைத்து, அடித்துத் துவைத்தது அவள். தூசி இரண்டு பேருக்கும்தான் போயிற்று. அவர் உடம்பு அதைக் கண்டுகொள்ளவில்லை.

வாரியத்தில் அன்று சுவாச விழிப்புணர்வு வாரம். வருகிற எல்லோரும் ஆழ்ந்து மூச்சிழுத்துப் போட்டோ எடுத்துக்கொண்ட பிறகே உள்ளே போகலாம். பார்வதியம்மாள் பாதி இழுத்து இருமிவிட்டாள். "ரீடேக்" என்றார்கள்.

அதிகாரி வேங்கடசுப்ரமணியன் 'மூச்சே வாழ்வு' டீ-ஷர்ட்டை முழுக்கைச் சட்டையின் மேல் மாட்டியிருந்தார்.

"எங்கே வேலை பார்த்தேள்?"

"வேலைக்குப் போகல சார். இவுக சட்டையத் தொவச்சேன்." கூட வந்திருந்த கணவரைக் காட்டினாள்.

"அப்போ நோய் அவருக்குன்னா வந்திருக்கணும்?"

"வரலியே சார்."

"அதான் சிக்கல். நோய் சரியான ஆளுக்கு வரலை. அவருக்கு வர்ற வரைக்கும் வெயிட் பண்ணினா, அவரோட மனைவிங்கற முறையில உங்களை கன்சிடர் பண்ணலாம்."

"அதுவரைக்கும் எனக்கு மூச்சு இருக்கணும்லா?"

அவரும் மனிதர்தான். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. பட்டறைத் துணியை வீட்ல துவைக்கறதும் பட்டறை வேலைதான்னு புதுசா சர்க்குலர் வந்திருக்கு. பட்டறைல இருந்தவர் வாயால சொன்னாப் போதும்." கணேசபாண்டியன் பக்கம் திரும்பினார். "அந்த வருஷமெல்லாம் உங்க சம்சாரம் என்ன வேலை பண்ணிண்டிருந்தா?"

பார்வதியம்மாள் கணவரின் வாயையே பார்த்தாள். ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் கல்யாண வீட்டிலும் இந்தக் கேள்விக்கு அவர் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்திருக்கிறார். பழக்கம் முந்திக்கொண்டது.

"அவ என்ன வேலை பாத்தா சார்? வீட்ல சும்மாத்தான் இருந்தா."

அறையிலிருந்த யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. அதிகாரி மட்டும் வருத்தப்பட்டார்.

"சொல்லிட்டாரே, இனிமே நான் பண்றதுக்கு ஒண்ணுமில்லை. அவரையும் தப்பு சொல்ல முடியாது. என் ஆத்துக்காரியைப் பத்திக் கேட்டா நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்."

பஸ்ஸில் வழிநெடுக கணேசபாண்டியன் வாரியத்தைத் திட்டித் தீர்த்தார். ஈவு இரக்கமில்லாதவர்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும், வேர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றி, சுவரில் சாய்ந்திருந்தவள் பக்கத்தில் போட்டார்.

"ஏட்டி, அவசரமில்ல. சும்மா இருக்கப்ப இத அலசிப் போட்டுரு."

பார்வதியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் மூச்சு போதவில்லை.