அடாப்டரின் ஒரே சீட்டு

புதுப் பட்டுப்புடவையை எங்கே விரித்தாலும், அந்தச் சரசரப்பு என்னைத் திட்டுவதுபோல்தான் காதில் விழுகிறது.

சொன்னதை இரண்டாம் தடவை சொல்ல மறுத்த மனிதர் உலகத்திலேயே எங்கள் அடாப்டர் ஒருவர்தான். எந்த ஒயரையும் எந்த ஓட்டையிலும் பொருத்தும் சாமான்கள் பை நிறைய வைத்திருந்ததால் வந்த பெயர். ஆரணியில் ஒரு பட்டுக்கடை. நான் மேனேஜர், அவர் கம்ப்யூட்டர் பார்ப்பவர்.

தன்னைப் பற்றிய சகலத்தையும் ஒரே சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். டாக்டருக்கும் அதே சீட்டு, சலூனுக்கும் அதே சீட்டு, டீக்கடைக்கும் அதே சீட்டு. டீ மாஸ்டர் சத்தமாகப் படிப்பார்: “சக்கரை கம்மி... கிருதா குட்டையா வெட்டணும்... இடது முட்டி வலி. யோவ், இதுல நான் எதைய்யா ஆத்தறது?”

“உனக்கு வேண்டியத எட்துக்கோ. மீதி அடுத்தவனுக்கு.”

கடைக்கு ஏ.ஐ. வந்தது. வாட்ஸ்அப்பில் பேச ஒன்று, டிசைன் போட ஒன்று, தறிக்கு ஆர்டர் அனுப்ப ஒன்று. மூன்றும் மூன்று கம்பெனி. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி, ஒன்றிடம் சொன்னது மற்றதற்குத் தெரியாது.

அடாப்டர் குதித்தார். “பொது முறை ஒண்ணு வந்துகீது சார். எந்த கம்பெனிக்கும் சொந்தமில்ல, யாரு வேணா எட்துக்கலாம். ஒண்ணுகிட்ட சொன்னா மூணுக்கும் புரியும்.” ஒரு வாரம் உட்கார்ந்து மூன்றையும் இணைத்தார்.

கடை ரகசியம் வெளியே போய்விடும் என்று பயந்து, அவர் சாப்பிடப் போன நேரத்தில் இணைப்பைத் துண்டித்தேன். அவரிடம் சொல்லவில்லை.

தேசூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா, முகூர்த்தப் புடவைக்காக வாட்ஸ்அப் ஏ.ஐ.யிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “கறுப்பு மட்டும் ஆகாதுங்க.” அதுவும் பணிவாக ஆகட்டும் என்றது. டிசைன் ஏ.ஐ.க்கு அந்தச் சேதி போகவே இல்லை. ஜோராகக் கறுப்பு பார்டர் போட்டது. தறியும் நெய்தது. கடையில் விரித்தபோது அந்த அம்மா போட்ட சத்தம் கண்ணமங்கலத்துக்கே கேட்டிருக்கும்.

“யாரு வேல இது? இன்னியோட கணக்கு தீத்து அனுப்பு அவன!” என்றார் முதலாளி.

அடாப்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைக் காட்டினேன். “இவரு மூணையும் கோத்து வெச்சதுல வந்த வெனைங்க.”

நீட்டிய அந்த விரலோடுதான் இன்றும் சோறு பிசைகிறேன்.

மறுநாள் மதியம், அடாப்டர் ஊரை விட்டுக் கிளம்புகிறார் என்று கேட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பையை மடியில் வைத்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

“அடாப்டர், அந்த கனெக்‌ஷன கழட்னது...”

“தெரியும் சார். யாரு, எத்தினி மணிக்கு கழட்னாங்கன்னு கம்ப்யூட்டரே எழுதி வெச்சிருக்கு.”

“அப்ப ஏன்யா முதலாளிகிட்ட சொல்லல?”

பஸ் நகர்ந்தது. தலையை வெளியே நீட்டினார்.

“நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன் சார். சரி வுடுங்க, வெயில்ல நிக்காதீங்க.”