தலைவருக்குத் தலைவர் எழுதிய கடிதம்

மாலை எங்கே இருக்கிறதோ அங்கே கழுத்தோடு வந்து நிற்கும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். சபையோ சங்கமோ வாசகசாலையோ, இவர்கள் எதிலும் சேரமாட்டார்கள், தலைமைதான் தாங்குவார்கள்.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பதுளைக் கடைவீதியில் இந்த இனத்தின் நன்கு விளைந்த மாதிரி ஒன்று வசித்தது. பெயர் காரைக்கால் ஹுமைத் மரைக்காயர். பிரெஞ்சு சர்க்காரில் முப்பது வருஷ உத்தியோகம். முதலில் புத்தகசாலைக்குத் தலைவர்; புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டி முடிவதற்குள் பழம்பொருட்சாலைக்குத் தலைவர்; அங்கே சிலைகளுக்குத் தூசு தட்டுவதற்குள் சங்கீதசாலைக்குத் தலைவர்; முதல் மாணவன் தொண்டையைக் கனைப்பதற்குள் மேலிடத்திலிருந்து அடுத்த உத்தரவு. எல்லாவற்றிலும் திறப்புவிழாவுக்கு இருந்தார், பிரிவுபசாரத்துக்கும் இருந்தார். நடுவில் என்ன நடந்தது என்கிறீர்களா? நடுவில் என்ன நடக்க வேண்டும்?

பென்ஷன் வாங்கியதும் மனைவி ஸகீனாவுடன், பதுளையில் துணிக்கடை வைத்திருந்த மருமகனிடம் வந்து சேர்ந்தார். ஒரு மாதம் சும்மா இருந்து பார்த்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடை மாடியில் வாசகசாலை ஒன்றைத் திறந்து, தோட்டம் தோட்டமாகப் போய்ப் புத்தகம் சேர்த்தார். அப்படித்தான் தெமோதரைத் தோட்டத்துக் கூத்து வாத்தியார் வீரய்யா, தன் தகப்பன் திருச்சிச் சீமையிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த காமன் கூத்துப் பாட்டுப் புத்தகத்தை, ஒரு மாலைக்கும் ஒரு கைகுலுக்கலுக்கும் மயங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று அவரிடம் கொடுத்துத் தொலைத்தார்.

மாசி பிறந்தது. மூன்றாம் பிறையில், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு முன்னால் காமன் கம்பத்தை ஊன்றினார்கள். ஊன்றிவிட்டால் பௌர்ணமியன்று முழுப்பாட்டும் பாடி எரித்தே ஆகவேண்டும். ஓர் அடி விட்டாலும் தோட்டத்துக்கே ஆகாது. வீரய்யாவுக்குப் பாதிப் பாட்டு நெஞ்சில் இருந்தது. மீதி பதுளையில், அலமாரிக்குள். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை நடந்தே வந்துவிட்டார்.

"ஐயா, என் பொஸ்தகத்தக் குடுங்க. எரிச்சு முடிச்சதும் கொண்டாந்து வச்சிடுறேன்."

"அட்டவணை முடியாம ஒரு தாளும் வெளிய போகாது, வீரய்யா."

"எப்பங்க முடியும்?"

"தொடங்கிட்டா முடிஞ்சிடும்."

வீரய்யா நகரவில்லை. மரைக்காயர் கொஞ்சம் மனம் இறங்கினார். "தனி ஆளுக்கு இரவல் கிடையாது. சபை கேட்டா யோசிக்கலாம். உங்க கூத்துக்குச் சபை இருக்கா? தலைவர் இருக்காரா?"

சுவரில் வரிசையாகக் காய்ந்து தொங்கிய மாலைகளை வீரய்யா ஒரு பார்வை பார்த்தார். "சாமி காரியத்த நாங்க பாத்துக்கிறோம். சபைன்னு வச்சா, தலைவரு நீங்கதாங்க."

மரைக்காயருக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை, கூத்துச் சபைத் தலைவர் வாசகசாலைத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதினார். செவ்வாயன்று அதே மேசைக்கு மறுபக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதைப் பெற்றுக்கொண்டார். புதனன்று ஆழ்ந்து பரிசீலித்தார். வியாழனன்று, 'மிகவும் வருந்துகிறோம், விதியில் இடமில்லை' என்று பதில் எழுதினார். வெள்ளியன்று நாற்காலியைப் பழைய பக்கத்துக்கே இழுத்துப் போட்டு, கடிதத்தைப் பிரித்துப் படித்துக் கொதித்துப் போனார்.

"என்ன திமிரு!"

தேத்தண்ணியோடு வந்த ஸகீனா கேட்டாள்: "யாரோட மல்லுக்கு நிக்கிறீங்க?"

"வாசகசாலைத் தலைவரோடதான். கலைன்னா என்னன்னே தெரியாத ஆளு."

"நேர்ல பேசிப் பாக்குறது."

"பேசிப் பிரயோசனமில்ல. பிடிவாதக்காரன்."

அடுத்த ஞாயிறு வீரய்யா மறுபடி வந்தார். பௌர்ணமிக்கு இரண்டே நாள். பதில் கடிதத்தை மரைக்காயர் மிகுந்த அனுதாபத்தோடு வாசித்துக் காட்டினார். வீரய்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பன் பொஸ்தகங்க. என் கையால தூக்கிக் குடுத்தேனே!" என்று அழுதார்.

ஸகீனாவுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் முப்பது வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் செய்தவள் அல்லவா? வழி தெரியும்.

"அந்தத் தலைவரு வந்து மூணு மாசமாச்சே. பிரிவுபசாரம் இன்னும் வைக்கலியா?"

மரைக்காயர் நிமிர்ந்தார். மூன்று மாதமா! காரைக்காலில்கூட ஓரிடத்தில் இவ்வளவு காலம் வீணாக்கியதாக நினைவில்லை. அன்று பின்னேரமே விழா. பார்வையாளர் இருவர். காய்ந்த மாலை ஒன்று கழுத்தில் ஏறியது. பிரிவுபசாரம் என்றால் சாவியைக் கைமாற்ற வேண்டுமே? வீரய்யா வெளியூர் என்பதால் ஸகீனாவிடம் கொடுத்தார். தலைவர் தம்முடைய சேவையின் முதல் வாரத்தை விவரித்துக்கொண்டிருக்கும்போதே அலமாரி திறந்தது. இரண்டாம் வாரத்துக்கு வரும்போது வீரய்யா புத்தகத்தோடு, தோட்டத்துக்குத் திரும்பும் ஹாலிஎலப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்.

பௌர்ணமியன்று ஓர் அடி விடாமல் பாடிக் காமனை எரித்தார்கள். முன்வரிசை நாற்காலியில் சபைத் தலைவர் வீற்றிருந்தார். மறுநாள் காலை பதுளைக்குப் புறப்படுமுன் வீரய்யாவிடம் கையை நீட்டினார்.

"புத்தகத்தக் கொடு. சபையில பத்திரமா வச்சுக்கிறேன்."

வீரய்யா வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். புத்தகம் அங்கேதான் இருந்தது. பிறகு, தயாராகக் கட்டிவைத்திருந்த சாமந்தி மாலையை எடுத்து, நீட்டிய கைக்கு மேலாக, கழுத்தில் போட்டார்.

"பிரிவுபசாரங்க."

சிரித்தீர்களா? உங்கள் ஊர்ச் சங்கத் தலைவரின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், 'அப்படியானால் தெமோதரைக் கூத்துச் சபைக்கு இப்போது தலைவர் இல்லையா?' என்று ஒரு கணம் மனசு கேட்டிருந்தால், தயவுசெய்து கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.