கடுக்காய்த் தண்ணியும் கடைவாய்ப் பல்லும்

என்ட ராசா மச்சானுக்கு உங்கள் அஸீமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதத்தான் கை போனது, பிறகு நிப்பாட்டிவிட்டேன். உங்கள் கப்றை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும்.

நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கி மூன்று மாதம். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வாசல் தாண்டாமல் இத்தா இருக்கவேண்டும் என்று இருந்தேன், அந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப் பல் தொடங்கியது. சோற்றை மென்றால் கண்ணுக்குள் குத்தும். வேப்பம்பட்டை, கடுக்காய், கராம்பு அவித்து ஒரு கிழமை கொப்பளித்தேன். மகள் நிஸ்மியா மௌலவியிடம் கேட்டுவந்தாள். "வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போகலாமாம் உம்மா. ஆனா நேரே போய் நேரே வரணுமாம்."

ஓட்டோவில் போனோம். கசாயத்தையும் சோடாப் போத்தலில் கொண்டுபோனேன். டவுனில் நஸ்ஹா என்று பொம்பிளை டொக்டர், நம்ம மகள் வயசு. வாயில் நீல ரப்பர்த் துண்டைக் கட்டி, பல்லில் ஓட்டை போட்டு, ஊசியால் எதையோ விட்டுக் கழுவினா. மணம் பிடித்ததும் கதிரையைத் தட்டினேன். ரப்பரைக் கழற்றினா.

"கக்கூஸ் கழுவுற மருந்தையா மகள் என்ட வாயில ஊத்துற?"

"அதுட தம்பிதான் உம்மா. வேருக்குள்ள இருக்கிற கிருமிய இது கொல்லும்."

"அப்ப இத ஊத்துங்க. வேம்பு, கடுக்காய். சுத்தமான சாமான்."

பிள்ளை சிரிக்கவில்லை. போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தா. "மூலிகைச் சாறால வேரக் கழுவலாமா எண்டு படிச்ச ஆக்களும் சோதிச்சுப் பாக்குறாங்க. உங்கட சாமான் பிழையில்ல. ஆனா வேர்ட ஓட்டை மயிரளவு, இதுல பட்டையே மிதக்குது. கொப்பளிச்சா எல்லாம் மேலதான் உம்மா நிக்கும்."

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஸப்ர் செய்யுங்க, பொறுமையா இருங்க என்கிறார்கள். நல்ல சொல்தான். அதுவும் மேலேயே நிற்கிறது, மச்சான். போத்தலைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாயைத் திறந்து படுத்தேன். பல் தப்பிவிட்டது.

பிள்ளைகள் சலாம் சொல்கிறார்கள். ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்குத்தான் முதல் துஆ.

இப்படிக்கு,
அஸீமா

பி.கு.: நிஸ்மியாவுக்குச் சொல்லாத கதை ஒன்று. போன அன்று எனக்கு நோவே இல்லை. முதல் நாளே நின்றுவிட்டது, கசாயம் கேட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். கல்லடிப் பாலத்தில் போகும்போது ஒருக்கா வாவியைப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. டொக்டர் பிள்ளையோ, "நரம்பு செத்ததாலதான் நோ நிண்டது உம்மா. இன்னும் விட்டிருந்தா பல்லையே புடுங்கியிருக்கணும்" என்று சொன்னா. வருத்தம் இல்லை என்று நினைத்துப் பொய் சொல்லிப் போனேன், வருத்தமும் இருந்திருக்கிறது. நான் இத்தாவை முறித்தேனா மச்சான், இல்லையா?